சாரி கார்டைக் கழற்றாதீர்கள்

வண்டியைக் கழுவித் துடைத்து நாலு பேர் பார்க்க நிறுத்துவது நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. ஆயுத பூஜையன்று அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் போய்ப் பாருங்கள். லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு வாசலில் நிற்கும் வண்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஹேண்டில்பாரில் மாலை ஏறும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும், பூசணிக்காய் உடைபடும். முதலாளியின் காரும் ஹெல்ப்பர் பையனின் டி.வி.எஸ். 50-யும் ஒரே வரிசையில் நின்று ஒரே சூடத்தைப் பார்த்துக்கொள்ளும். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒரு நாள் மரியாதை, மறுநாள் காலையில் மாலை காய்வதற்கு முன்பே மறுபடி வேலை. ராஜஸ்தானில் பாலி பக்கத்தில் இதற்கும் ஒரு படி மேலே போய், 1988இல் விபத்தில் இறந்துபோன ஒருவரின் புல்லட்டையே கண்ணாடிக்குள் நிறுத்திச் சாமியாகக் கும்பிடுகிறார்கள்.

பழைய வண்டிக் கண்காட்சி என்று இன்று நாம் சொல்வது வேறு வகை. புல்வெளி, கயிறு கட்டிய வரிசை, ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஓர் அட்டை, குறிப்பேட்டோடு சுற்றிவரும் நடுவர்கள், ‘தொடாதீர்கள்’ என்கிற பலகை. அதையும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புல்வெளிகள் இல்லாவிட்டால் பல அபூர்வமான வண்டிகள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

செம்பரம்பாக்கம் பக்கம் சில ஞாயிறு காலைகளில் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமைப்பு, பேனர், கட்டணம் ஒன்றும் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு டீக்கடை, பக்கத்தில் வேலி போடாத ஒரு மனை, வெயில் ஏறும்வரை வேப்பமர நிழல். பூந்தமல்லி, ஆவடி, திருமழிசை, குன்றத்தூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100, எப்போதாவது ஒரு லாம்ப்ரெட்டா. ஜூலை இரண்டாவது ஞாயிறு உலகம் முழுக்க ஜாவாக்காரர்களின் நாள் என்பதால் அன்று மைசூர் வண்டிகள் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அவற்றைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. அந்த வண்டிகளில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான் என்பதை இன்றைய பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். மற்ற நாட்களில் வரிசையில் பாதிக்கு மேல் புல்லட்.

அப்படி ஒரு காலையில் அடுத்தடுத்து நின்ற இரண்டு புல்லட்டுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒன்று ஒரு இளைஞருடையது. ஐ.டி. வேலை, ரசனையுள்ள பிள்ளை, இரண்டு வருஷம் பாடுபட்டு மீட்டெடுத்திருந்தார். ஃபிரேமை மணல் வீசிச் சுத்தம் செய்து, மட்கார்டுகளைப் புதுக் கருப்பில் நனைத்து, டாங்குக்குக் குரோம் ஏற்றி, தங்கக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுக்கவைத்திருந்தார். ஒரு நட்டில்கூடத் துரு இல்லை. கூட்டம் முழுக்க அந்த வண்டியைச் சுற்றித்தான்.

பக்கத்தில் நின்றது ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருடையது. எழுபதுகளின் வண்டி. பின்னால் கேரியர், முன்னால் கம்பி வளைத்த கிராஷ் கார்டு, இடது பக்கம் பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டு, அதன்கீழ் பெண்கள் கால் வைத்துக்கொள்ள ஒரு தகட்டுப் படி. டாங்கில் முட்டிக்கால் படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து உள்ளே வேறொரு நிறம் தெரிந்தது. பெரியவர் இளைஞரின் வண்டியை நிதானமாக ஒரு சுற்று சுற்றிவந்தார். மனதாரப் பாராட்டினார். பிறகு கேட்டார்.

“சாரி கார்டு எங்க தம்பி?”

“ஒரிஜினல்ல அது கிடையாதுங்க ஐயா. இங்கிலாந்து கேட்டலாக்ல பாத்துத்தான் பண்ணேன்.”

“இது இங்கிலாந்துல செஞ்ச வண்டியா?”

“இல்லீங்க. திருவொற்றியூர்தான்.”

பெரியவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. சிரித்துத் தோளில் தட்டிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். அந்த இரண்டு கேள்விகள்தான் என் மனதை விடாமல் பிடித்துக்கொண்டன.

மெட்ராஸ் மோட்டார்ஸ் என்கிற நம்மூர் நிறுவனம் 1949 வாக்கில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு வண்டிகளைத் தருவித்து விற்கத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு உகந்த வண்டி தேடிய இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956இல் அங்கே உருவானவை 163 வண்டிகள். அந்த 1955ஆம் ஆண்டைச் சென்னையின் ஆண்டு என்றே சொல்லலாம். ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டு ஆனது. அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலேயே தொடங்கப்பட்டிருந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965இல் அதிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. வடக்கே கடலோரம் ஓர் அணி, மேற்கே ரயில் தடத்தை ஒட்டி ஓர் அணி என்று இரும்பும் எண்ணெயும் தெரிந்த கைகள் இந்த ஊரைச் சுற்றி நிறைந்தன. ஷிஃப்டு முடிந்து அந்தக் கைகள் வீட்டுக்குப் போனது சைக்கிளில். கொஞ்சம் வசதி வந்தபோது மோட்டார் சைக்கிளில்.

ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முழுவதுமாக நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் அங்கிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் விடைபெறும்வரை, தாய் ஊரில் வாழ்ந்ததைவிடப் பல மடங்கு காலம் இங்கே வாழ்ந்தது. இங்கிலாந்து கேட்டலாக் சொல்வது இந்த வண்டியின் குழந்தைப் பருவம் மட்டுமே. வயதுக்கு வந்து, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி பார்த்தது நம்மிடம்.

அந்தக் குடும்பம் நடத்தியதற்கான சாட்சிதான் சாரி கார்டு. புடவை கட்டிய பெண் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தை, மறு கையில் கைப்பிடி என்று போக வேண்டிய நாட்டில் பின்சக்கரக் கம்பிக்குள் முந்தானை சிக்கிவிடும் ஆபத்து நிஜமானது. பின்னால் ஆள் உட்காரும் எந்த மோட்டார் சைக்கிளுக்கும் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதியே சொல்கிறது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனது, கல்யாணத்துக்கு முந்தைய இரவில் தேங்காய் மூட்டை வந்தது, நான்கு பேராகத் திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் போனது எல்லாம் அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான். அந்தக் கம்பியைக் கழற்றினால் வண்டி மெலிந்து அழகாகத்தான் தெரியும். கூடவே அந்த வண்டியில் போன பெண்கள் அத்தனை பேரும் அதன் வரலாற்றிலிருந்து இறங்கிப்போகிறார்கள். எந்தக் கண்காட்சி அட்டையிலும் உரிமையாளர் பெயர், மாடல், ஆண்டு இருக்கும். பின்னால் உட்கார்ந்து வந்தவர் பெயர் இருக்காது. சாரி கார்டு ஒன்றுதான் அவருக்கான அடையாளம்.

பெரியவரின் வண்டியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹெட்லைட் கூட்டின் மேல், ஆம்பியர் மீட்டர் கண்ணாடிக்கு உட்புறம், பழுப்பாக ஒரு கோடு. சேறு காய்ந்த தடம். “அது உங்க ஏரி வரைஞ்ச கோடு” என்றார், கரைப் பக்கம் கையைக் காட்டி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் போய்க்கொண்டிருந்தபோது இந்த வண்டி மணப்பாக்கத்தில் மகள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள ஏரி இது. சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இதனுடையது. அன்று வண்டி ஹெட்லைட் வரைக்கும் மூழ்கியது.

தண்ணீர் வடிந்தபின் நடந்ததை அவர் விரல்விட்டுச் சொன்னார். முதல் விதி, கிக்கரைத் தொடக்கூடாது. தெரியாதவர்கள் அவசரப்பட்டு உதைத்து, உள்ளே தண்ணீர் இருந்த சிலிண்டரில் கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார்கள். இவர் பிளக்கைக் கழற்றி, சைலன்சரை இறக்கி, கிரேங்க் கேஸின் டிரெயின் போல்ட்டைத் திறந்தார். வந்த எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. டீசல் விட்டு அலசி, எண்ணெய் மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, அதையும் கொட்டிவிட்டு மறுபடி புது எண்ணெய். சக்கர பேரிங்குகளைக் கழற்றி கிரீஸ் மாற்றினார். தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயிண்ட்டை எமரி காகிதத்தால் தேய்த்தார். வயரிங் முழுக்கப் புதிது. இத்தனையும் வீட்டு வாசலிலேயே, அம்பத்தூரில் சின்ன வயதிலிருந்து இவர் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக்கும் இவருமாக. ஆம்பியர் மீட்டரை மட்டும் மாற்றவில்லை. முள் வேலை செய்தது, அதனால் மாற்றவில்லை என்றார். நினைவுக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

அந்த முள் எதற்கு என்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் கேட்டார்கள். பெரியவர் ஸ்டார்ட் செய்தே காட்டினார். பெட்ரோல் டேப்பைத் திறந்தார். சாவியைத் திருப்பினார். கிக்கரை மெதுவாக, மிக மெதுவாகக் காலால் அமுக்கிக்கொண்டே முள்ளைப் பார்க்கச் சொன்னார். பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடுவதால் முள் ஒருபக்கம் சாயும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்கு வரும். அந்த இடத்தில்தான் பிஸ்டன் மேலே, அழுத்தத்தின் உச்சியில் நிற்கிறது. அங்கே வைத்து இடது கைப்பக்கம் உள்ள டீகம்ப்ரசர் நெம்பைப் பிடித்து, சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை வெளியே விட்டு, கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே நீட்டல் உதை. உடம்பு பலத்தைக் காட்டி உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். முள் பார்த்து உதைத்தால் அறுபது கிலோ ஆளும் ஸ்டார்ட் செய்யலாம். ஒரே உதையில் வண்டி எழுந்தது.

புல்லட்டின் சத்தத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நான் சொல்ல விரும்புவது அதன் காரணத்தை மட்டும். நீளமான ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல், ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. கனமான சக்கரம் அந்த வெடிப்பின் வேகத்தைச் சேமித்து அடுத்த வெடிப்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதால் எஞ்சின் நிதானமாக ஓடமுடிகிறது, நாம் ஒவ்வொரு அடியையும் தனியாகக் கேட்க முடிகிறது. இன்றைய எஞ்சின்கள் அடியையெல்லாம் இணைத்து ஒரே ரீங்காரமாக்கிவிட்டன. அவை நல்ல எஞ்சின்கள், எண்ணெய் சொட்டுவதில்லை, புகை குறைவு. ஆனால் எஞ்சின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காதால் அறியும் வசதி போய்விட்டது. டாப்பெட் தளர்ந்ததையும் பாயிண்ட் விலகியதையும் டைமிங் பின்தங்கியதையும் நம் மெக்கானிக்குகள் காதால் கண்டுபிடித்தார்கள். கயிறு கட்டிய புல்வெளியில் அணைத்து வைத்த வண்டியில் இந்த அறிவைக் காட்ட வழியில்லை. அதனால்தான் பழைய வண்டியைக் காட்சிக்கு வைக்கிறவர் ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய வண்டி என்றால் எது என்று வரையறுக்க உலகில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1966இல் தொடங்கிய ஃபிவா. குறைந்தது 30 வயது, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பராமரிப்பு என்பவற்றோடு அது இன்னொன்றையும் கேட்கிறது: அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக்கூடாது. நம் அரசும் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்கிற எழுத்தோடு தனிப் பதிவெண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குச் சாலையில் ஓடலாம். வழக்கமான பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓடக்கூடாது.

இந்த விதி வரவேற்கத்தக்கது. ஆவணம் தொலைந்து கிடந்த பல வண்டிகளுக்கு இது மறுபிறவி. அரை நூற்றாண்டுப் பிரேக்கோடு தினமும் நெடுஞ்சாலையில் ஓடுவதில் ஆபத்து உண்டு என்பதும் நியாயம். ஆனாலும் இந்த வரையறைகளுக்குப் பின்னால் உள்ள எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உழைப்பதை நிறுத்திய பிறகுதான் ஒரு வண்டி வரலாறு ஆகும் என்கிற எண்ணம் அது. நேமத்திலும் குத்தம்பாக்கத்திலும் இன்றும் பால் கேன் கட்டிப் போகும் பழைய புல்லட்டுகள் இருக்கின்றன. முப்பது, நாற்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே வேலையில். ஃபிவாவின் கணக்கில் அவை பாரம்பரிய வாகனமே இல்லை. கார் கொட்டகையில் போர்வைக்குள் தூங்கி ஞாயிறு மட்டும் விழிக்கும் வண்டி பாரம்பரியம். எனக்கு இந்தத் தராசு தலைகீழாகத் தெரிகிறது. ஒரு இயந்திரம் இத்தனை வருஷம் அன்றாட வேலைக்குத் தாங்கியது என்பதைவிடப் பெரிய நற்சான்று அதற்கு வேறு எது?

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஃபிவாவே பின்னாளில் கொண்டுவந்த டூரின் சாசனம் இந்தப் பக்கம் சற்று இறங்கிவந்திருக்கிறது. பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான வெனிஸ் சாசனத்தை அடியொற்றி எழுதப்பட்ட அது, இருப்பதை இருப்பதுபோலப் பாதுகாப்பதற்கு முதலிடம் தருகிறது. வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறுதான் என்று ஒப்புக்கொள்கிறது. நம் கோயில்களில் கல் தூணை மணல் வீசிச் சுத்தம் செய்தபோது எழுத்துகள் அழிந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஃபிரேமை மணல் வீசும்போது யாரும் பேசுவதில்லை. டாங்கின் மூன்று அடுக்குப் பெயின்ட்டில் எது ஆலையில் அடித்தது, எது மகன் கல்லூரிக்குப் போனபோது அடித்தது என்பதெல்லாம் அந்த ஒரு மதியத்தில் போய்விடுகிறது.

இளைஞரின் வண்டியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது என்று தெரிய ஒருசில வண்டிகளாவது அப்படி மீட்கப்பட வேண்டும். அவர் வாங்கியபோது அது பூந்தமல்லிப் பக்கம் ஒரு கொட்டகையில் கோழி அடைகாக்கும் இடமாக இருந்ததாம். டாங்கு ஓட்டை, எஞ்சின் இறுகிப்போனது. அதில் பாதுகாக்க மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். புதுப்பேட்டை சந்துகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளிலும் ஒவ்வொரு பாகமாகத் தேடி, எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போவதைப் பென்சில் பிரிண்ட் எடுத்துச் சரிபார்த்து, அவர் செய்தது பெரிய உழைப்பு. நான் கேட்பது ஒன்றுதான். அந்த வண்டி முன் அட்டையில் அவர் பெயர் இருந்தது, மாடல் இருந்தது, ஆண்டு இருந்தது. எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர் பெயர் இல்லை. டாங்கில் அந்தத் தங்கக் கோட்டை நடுக்கமில்லாமல் இழுத்தவர் பெயர் இல்லை. திருவொற்றியூர் ஆலையிலேயே அந்தக் கோடு தலைமுறையாகக் குடும்பத் தொழிலாகக் கையால் இழுக்கப்பட்டது. அந்த விரல்களுக்கு இன்று வயதாகிறது.

கைகளைப் பற்றிப் பேசும்போது ஜி.டி. நாயுடு நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். 1893இல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்த இளைஞர், ஊரைவிட்டுக் கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டார். பிரித்ததை மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடும் அளவுக்கு வளர்ந்தார். கோவையில் இன்று அவர் குடும்பத்தின் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதன் தொடக்கத்தில் இருப்பது தரையில் விரித்த துணிமேல் பிரித்துவைத்த ஒரு எஞ்சின். நம் ஊர்களில் மோட்டார் சைக்கிளின் மீது எழுந்த முதல் ஆசை, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியும் ஆசையாக இருந்தது.

செம்பரம்பாக்கத்தில் இப்படிக் கூடுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. சற்று மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம். அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் அதைப் பார்க்கச் சைக்கிளில் போனவர்கள். புல்லட் ஆலையும் திருவொற்றியூரிலிருந்து நகர்ந்து 2013இல் ஒரகடத்துக்கும், 2017இல் வல்லம் வடகாலுக்கும் வந்துவிட்டது. அங்கே ஷிஃப்டு முடித்த பிள்ளைகள் சிலர் யூனிபார்மோடு இந்த டீக்கடையில் நின்று, தங்கள் ஆலை ஒரு காலத்தில் செய்த வண்டியைப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் பெரியவரிடம் நியூட்ரல் ஃபைண்டர் எது என்று கேட்டாள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று கேட்டுத் திகைத்தாள். தினமும் நூற்றுக்கணக்கான எஞ்சின்களுக்கு ஒரே ஒரு பாகத்தைப் பூட்டுகிறவள், முழு எஞ்சின் ஒன்று தன் முன்னால் திறந்து நிற்பதை அத்தனை ஆவலோடு பார்த்தாள். எந்தப் புல்வெளிக் கண்காட்சியும் அவளை அழைத்திருக்காது. இங்கே அவள் தானாக வந்தாள். இந்தக் கூட்டங்கள் பேனருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் மாறிவிடக்கூடாது என்று நான் ஆசைப்படுவதற்கு அவள்தான் காரணம்.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னது. மீட்டெடுத்த வண்டிக்கு ஒரு வரிசை இருக்கட்டும். இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் வண்டிக்கும் ஒரு வரிசை விடுங்கள். பால்காரரைக் கேனோடு வரச் சொல்லுங்கள். அட்டையில் மெக்கானிக் பெயரையும் பெயின்டர் பெயரையும் எழுதுங்கள். பரிசு கொடுப்பதாக இருந்தால் அவர்களையும் மேடைக்கு அழையுங்கள்.

வீட்டில் அப்பாவின் வண்டியோ தாத்தாவின் வண்டியோ சாக்குக்குள் நிற்கும் வாசகருக்கும் ஒரு சொல். இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் பீரோவில் அந்தப் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்து ஒரு தாளில் எடுத்து அதோடு வையுங்கள். வண்டியை வழக்கமாகப் பார்த்த மெக்கானிக் இருந்தால் அவரை அழைத்து, எப்போது என்ன மாற்றினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவிடம், எங்கெல்லாம் அதில் போனீர்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பெயின்ட் அடிப்பதைப் பிறகு முடிவுசெய்துகொள்ளலாம். சாரி கார்டை மட்டும் கழற்றாதீர்கள்.